கண்ணுக்குள் வைக்கும் மிஷினுக்கு சர்வீஸ் யார் செய்வது?

2015 ஜனவரி, பொங்கல் முடிந்த வாரம். கடலூர் சிப்காட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் எலக்ட்ரிக்கல் மெயின்டனன்ஸ் வேலை. செகண்ட் ஷிப்ட் முடித்து இரவு பத்தரை மணிக்குமேல் பைக்கில் நெல்லிக்குப்பம் ரோட்டில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். ராத்திரியில் எனக்குப் பார்வை கொஞ்சம் மட்டு என்பது சின்ன வயதிலிருந்தே தெரியும். அதற்கு ஒரு வழி வைத்திருந்தேன். முன்னால் போகும் வண்டியின் சிவப்பு லைட்டைப் பிடித்துக்கொண்டு அதன் பின்னாலேயே போய்விடுவேன். அன்றைக்கு நான் பிடித்திருந்த வண்டி சட்டென்று வலது பக்கம் ஒதுங்கியது. ஏன் ஒதுங்கியது என்று எனக்குத் தெரியவில்லை. அடுத்த நொடி கரும்புத் தோகை முகத்தில் கிழித்தது. ஆலைக்குப் போகிற கரும்பு டிராக்டர், பின்னால் லைட் இல்லாமல் ஓரங்கட்டி நின்றிருக்கிறது. காரை எலும்பு முறிந்து இரண்டு மாதம் வீட்டில் கிடந்தேன். எல்லாரும் டிராக்டர்காரனைத் திட்டினார்கள், நானும் திட்டினேன். ஆனால் எனக்கு முன்னால் போன வண்டிக்காரருக்கு அந்த டிராக்டர் தெரிந்திருக்கிறதே என்று என் மனைவிதான் முதலில் கேட்டாள்.

அதுவரை என் கதை இப்படித்தான் ஓடியது. மாலைக்கண் என்று சொல்லி அம்மா முருங்கைக்கீரையும் ஆட்டு ஈரலும் போட்டுப் போட்டுக் கொடுத்தார். கீரையைக் குறை சொல்லவில்லை. ஆனால் மூன்று வேளை ஒழுங்காகச் சாப்பிடுகிற ஒரு ஆளுக்கு வருடக்கணக்கில் இருட்டில் கண் தெரியவில்லை என்றால் அதைச் சத்துக் குறைவு என்று மட்டும் நினைத்து விட்டுவிடக்கூடாது. இன்னொரு அடையாளமும் எங்கள் கண்ணெதிரே இருந்தது, யாரும் கவனிக்கவில்லை. கல்யாண வீட்டில் யாராவது கை நீட்டினால் நான் பிடிக்கமாட்டேன், கை நீட்டியதே எனக்குத் தெரியாது. “வேலைக்குப் போனதும் திமிர் வந்துடுச்சு” என்று பேர் வாங்கினேன். கீழே வைத்த சொம்பை எத்திவிடுவேன். தவழ்ந்து வந்த என் மகளை ஒருமுறை காலால் தள்ளிவிட்டேன். அதை இன்றைக்கு நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது. இதைப் படிக்கிறவர்கள் வீட்டில் இப்படி யாராவது இருந்தால் ஒரு சின்ன சோதனை செய்து பாருங்கள். அவரை நேராகப் பார்க்கச் சொல்லிவிட்டு, நீங்கள் பக்கவாட்டில் நின்று விரலை ஆட்டுங்கள். தெரியவில்லை என்றால் உடனே விழித்திரை பார்க்கிற டாக்டரிடம் போங்கள்.

புதுச்சேரியில் ஒரு கண் மருத்துவமனையில் ஒரு நாள் முழுக்க டெஸ்ட் எடுத்தார்கள். ஒரு கிண்ணத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, புள்ளி மின்னும்போது பட்டனை அழுத்த வேண்டும். அதுதான் ஃபீல்டு டெஸ்ட். நான் ரொம்ப நேரம் பட்டனை அழுத்தாமலேயே உட்கார்ந்திருந்தேன். மிஷின் ரிப்பேர் என்று நினைத்தேன். பக்கத்தில் இருந்த பெண், “புள்ளி வந்துக்கிட்டுதான் சார் இருக்கு” என்றாள். அந்த ஒரு வரி போதும், எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அப்புறம் ஓ.சி.டி., ஈ.ஆர்.ஜி. என்று விழித்திரைக்கான டெஸ்ட் எல்லாம் முடிந்து டாக்டர் மேடம் கூப்பிட்டுச் சொன்னார்: ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா. சுருக்கமாக ஆர்.பி. விழித்திரையில் இருட்டுக்கும் ஓரப் பார்வைக்கும் உள்ள கோல் செல்கள் முதலில் சாகும், நடுப் பார்வைக்கும் நிறத்துக்கும் உள்ள கூம்பு செல்கள் பிறகு மெல்ல மெல்லப் போகும். பைப்புக்குள் கண்ணை வைத்துப் பார்க்கிற மாதிரி பார்வை சுருங்கிக்கொண்டே வரும். “அப்பா அம்மா சொந்தமா?” என்று கேட்டார். எங்கள் அப்பா அம்மாவுக்குத் தாய்மாமன். ஆமாம் என்றேன். “இப்போதைக்கு இதைக் குணப்படுத்த மருந்து இல்லை, ஆனால் வருஷம் ஒருமுறை கண்டிப்பாக வாங்க” என்றார். என் காதில் “இல்லை” மட்டும்தான் விழுந்தது. அதற்குப் பிறகு அவர் சொன்ன பாதி வாக்கியத்தைக் கேட்காததற்கு நான் கொடுத்த விலையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் விலை 42,000 ரூபாய். கண்ணில் விடுகிற எண்ணெய், தலைக்கு ஒரு எண்ணெய், பத்தியம், மாதம் ஒருமுறை பஸ் ஏறிப் போய் வருவது. ஒன்றரை வருடம். அதில் கெடுதல் ஒன்றும் நடக்கவில்லை, பணம் போனதோடு சரி. இரண்டாவது விலை அப்படி இல்லை. 2018-ல் வேறு மாநிலத்துத் தலைநகரில் ஒரு கிளினிக்கில் ஸ்டெம் செல் ஊசி, அதாவது புது செல்லாக வளரக்கூடிய செல்லைக் கண்ணுக்குள் போடுவது என்றார்கள். 1,65,000 ரூபாய். மனைவியின் தாலிச் செயின் தவிர மற்றதெல்லாம் அடகுக் கடைக்குப் போனது. ஊசி போட்ட ஒரு வாரம் நன்றாகத் தெரிகிற மாதிரி இருந்தது. ஆசை காட்டுகிற வேலை என்று இப்போது தெரிகிறது. அமெரிக்காவில் ஃப்ளோரிடாவில் ஒரு கிளினிக்கில் இதே மாதிரி கண்ணுக்குள் ஸ்டெம் செல் போட்டுக்கொண்ட மூன்று பெண்கள் பார்வையை இழந்ததை 2017 மார்ச்சிலேயே மருத்துவ இதழில் எழுதிவிட்டார்கள். நான் ஊசி போட்டுக்கொள்வதற்கு ஒரு வருடம் முன்பே. நான் தப்பித்தது அதிர்ஷ்டம், அவ்வளவுதான். ஒன்று சொல்கிறேன், மனதில் எழுதிக்கொள்ளுங்கள். இன்னும் நிரூபிக்கப்படாத சிகிச்சையை ஆராய்ச்சிக்காகச் செய்கிறவர்கள் நம்மிடம் பணம் கேட்கமாட்டார்கள். நம் நாட்டில் நடக்கிற மருந்து, கருவி ஆராய்ச்சிகளை சி.டி.ஆர்.ஐ. என்ற அரசுப் பதிவேட்டில் பதிய வேண்டும், இணையத்தில் யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். “உங்கள் பதிவு எண் என்ன?” என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்விக்கே பாதிப் பேர் போனை வைத்துவிடுவார்கள். கருவிழியின் மேற்பரப்பு வெந்துபோனவர்களுக்கு ஸ்டெம் செல் வைப்பது வேறு விஷயம், அது நிஜமான சிகிச்சை. நான் சொல்வது விழித்திரைக்குக் காசு வாங்கிக்கொண்டு போடுகிற ஊசியை.

மூன்றாவது விலைதான் மிகவும் அவமானமானது, ஏனென்றால் அது என் சொந்தத் தொழில் சம்பந்தப்பட்டது. 2013-ல் பேப்பரில் ஒரு செய்தி வந்திருந்தது. பார்வை போனவர்களுக்குக் கண்ணுக்குள் வைக்கும் சிப், மருந்து, கருவிகளுக்கு அனுமதி தருகிற அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்துவிட்டது என்று. ஆர்கஸ் 2 என்று பெயர். நோய் தெரிந்த பிறகு அந்தச் செய்தியைத் தேடித் தேடிக் கேட்க ஆரம்பித்தேன். அதன் பின்னால் இருக்கிற டாக்டர் மார்க் ஹுமாயூனைப் பற்றிக் கேட்கக் கேட்க எனக்கு ஒரு பைத்தியமே பிடித்துவிட்டது. பாகிஸ்தானில் பிறந்து சின்ன வயதில் அமெரிக்கா போனவர். சர்க்கரை நோயால் அவருடைய பாட்டிக்குப் பார்வை போயிருக்கிறது. மருத்துவம் படித்தும் அதற்கு ஒன்றும் செய்யமுடியாது என்று தெரிந்தவுடன், டாக்டர் பட்டத்தோடு நிற்காமல் பயோமெடிக்கல் இன்ஜினியரிங்கில் பிஎச்.டி.யும் முடித்தார். விழித்திரையில் ஒளியை வாங்குகிற செல் செத்தாலும், அதற்குப் பின்னால் உள்ள நரம்புச் செல்கள் பல வருடம் உயிரோடு இருக்கும். சென்சார் போய்விட்டது, கேபிள் நன்றாக இருக்கிறது. எங்கள் பிளான்ட்டில் நான் தினமும் பார்க்கிற ஃபால்ட். சென்சார் இல்லாவிட்டால் கேபிளில் நேராக சிக்னல் கொடுத்துப் பார்ப்போம் அல்லவா, அதையேதான் அவரும் அவர் சகாக்களும் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் செய்தார்கள். பார்வை இல்லாதவர்களை மயக்கம் கொடுக்காமல் படுக்கவைத்து, கண்ணை மட்டும் மரத்துப்போகச் செய்து, மெல்லிய மின்முனையால் விழித்திரையைத் தொட்டு சிறிய மின்சாரம் கொடுத்தார்கள். அவர்களுக்கு ஒளிப் புள்ளி தெரிந்தது. வருடக்கணக்காக இருட்டில் இருந்தவர்களுக்கு.

இதைக் கேட்ட ராத்திரி நான் தூங்கவில்லை. அந்தப் புள்ளியிலிருந்து ஒரு கருவி வர ஏறக்குறைய இருபது வருடம் ஆகியிருக்கிறது. 1998-ல் செகண்ட் சைட் என்ற கம்பெனி. 2002-ல் 16 மின்முனை உள்ள முதல் கருவியை ஒருவர் கண்ணில் வைத்தார்கள். 60 மின்முனை உள்ள அடுத்ததுதான் ஆர்கஸ் 2, ஐரோப்பாவில் 2011-லும் அமெரிக்காவில் 2013-லும் அனுமதி. கண்ணாடியில் ஒரு கேமரா, இடுப்பில் ஒரு பெட்டி, கண்ணாடியிலிருந்து வயர் இல்லாமல் கண்ணுக்குள் சிக்னல், விழித்திரைமேல் 60 முனைகள். கருவி மட்டும் சுமார் ஒன்றரை லட்சம் டாலர். 2016-ல் ஒபாமா கையால் தொழில்நுட்பத்துக்கான தேசிய பதக்கம் வாங்கினார் ஹுமாயூன். அந்தப் படத்தை மகளை விட்டு போனில் பெரிதாக்கச் சொல்லிப் பார்த்தேன். கும்பிடத் தோன்றியது. இப்போதும் அந்த மரியாதை குறையவில்லை, அதைச் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் நான் ஒரு மெயின்டனன்ஸ் ஆள். புது மிஷின் வாங்க மேனேஜர் வந்து கேட்டால் நான் கேட்கிற முதல் கேள்வி, “சார், ஸ்பேர் கிடைக்குமா? சர்வீஸ் இன்ஜினியர் எங்கே உட்கார்ந்திருக்கார்?” என்பதுதான். பதினைந்து வருடம் இதைக் கேட்டவன், என் கண்ணுக்கு என்று வந்தபோது கேட்கவில்லை. 2021-ல் கொரோனா இரண்டாம் அலை அடங்கிய சமயம், ஒருவர் அறிமுகமானார். வெளிநாட்டில் சிப் வைக்க ஏற்பாடு செய்கிறோம், இந்தியாவிலிருந்து இருபது பேர் லிஸ்ட், பதிவுக் கட்டணம் 65,000 என்றார். நல்ல தமிழ், நல்ல மரியாதை, வீட்டுக்கே வந்து அம்மா காலைத் தொட்டுக் கும்பிட்டார். கொடுத்துவிட்டேன். ரசீது என்று ஒரு தாள் தந்தார். அதில் இருந்த நம்பர் நான்கு மாதம் கழித்து ஸ்விட்ச் ஆஃப்.

அப்புறம் 2022-ல் மச்சான் மகன், இன்ஜினியரிங் கடைசி வருஷம் படிக்கிறவன், ஒரு கட்டுரையைத் தமிழில் எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தான். ஐ.ஈ.ஈ.ஈ. ஸ்பெக்ட்ரம் என்று இன்ஜினியர்கள் படிக்கிற பத்திரிகை, பிப்ரவரி மாதம் வந்தது. செகண்ட் சைட் கம்பெனி ஆர்கஸ் 2-ஐ 2019-லேயே நிறுத்திவிட்டது. 2020 மார்ச்சில் பெரும்பாலான ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. உலகம் முழுக்க 350 பேருக்கு மேல் அதைக் கண்ணில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், ரிப்பேர் பார்க்க ஆள் இல்லை. நியூயார்க்கில் சுரங்க ரயில் மாறுகிற இடத்தில் ஒரு பெண்ணுக்குக் கருவி ‘பீப்’ ‘பீப்’ என்று சத்தம் போட்டுவிட்டு நின்றேபோயிருக்கிறது. இன்னொருவருக்கு எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டிய நிலை. கண்ணுக்குள் உலோகத்தோடு எடுக்கலாமா என்று கம்பெனியைக் கேட்டால் சரியான பதில் சொல்ல ஆள் இல்லை. அவன் படித்து முடித்ததும் நான் கேட்டது ஒன்றுதான்: “நிறுத்தினது எந்த வருஷம்னு சொன்னே?” 2019 என்றான். தயாரிப்பு நின்று இரண்டு வருடம் ஆன மிஷினுக்கு நான் 2021-ல் அட்வான்ஸ் கொடுத்திருக்கிறேன். அன்றைக்கு எனக்கு அழுகை வரவில்லை, சிரிப்பு வந்தது. மச்சான் மகன் பயந்துபோய் அத்தையைக் கூப்பிட்டான்.

இன்னொரு கூத்தும் அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்தக் கருவிக்கு அனுமதி யாருக்கு என்றால், வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் தெரிகிறவர்களுக்கு, அல்லது அதுவும் தெரியாதவர்களுக்கு. வயது 25 ஆகியிருக்க வேண்டும், முன்பு பார்வை இருந்திருக்க வேண்டும். நடுவில் பார்வை மிச்சமிருந்து பேப்பர் படிக்கிற என்னைப் போன்ற ஆளை எந்தக் காலத்திலும் எடுத்திருக்க மாட்டார்கள். 60 புள்ளி என்றால் கதவு எங்கே, ரோட்டின் ஓரம் எங்கே, பெரிய எழுத்து ஒன்று என்ன என்று தெரியலாம். மகள் முகம் தெரியாது. அந்த ஏஜென்ட் என்னிடம் இதில் ஒன்றையும் சொல்லவில்லை என்பது இருக்கட்டும், நானும் ஒன்றையும் கேட்கவில்லை. சிப் பற்றி ஏதாவது செய்தி வந்தால் இப்போது இரண்டு கேள்வி கேட்கிறேன். என் கண்ணில் எந்த அடுக்கு செத்திருக்கிறது, இந்தக் கருவி எந்த அடுக்குக்கு? கிளாக்கோமா என்கிற கண் அழுத்த நோயில் போவது பார்வை நரம்பு, அதாவது கேபிளே போய்விட்டது. விழித்திரையில் வைக்கிற சிப்பால் அவர்களுக்குப் பயன் இல்லை. அடுத்தது, கம்பெனி மூடினால் யார் பார்ப்பார்கள்? இது ஒரு கம்பெனியின் கதை மட்டும் இல்லை. ஜெர்மனியில் 1,500 ஒளி உணரிகளோடு சிப் செய்த கம்பெனியும் 2019-ல் மூடிவிட்டது. ஃபிரான்ஸில் ப்ரிமா என்று ஒன்று. 2 மில்லிமீட்டர் சதுரம், 378 பிக்சல், வயரே கிடையாது, கண்ணாடியிலிருந்து வருகிற அகச்சிவப்பு ஒளியிலேயே வேலை செய்யும். அதன் மூளை ஸ்டான்ஃபோர்டில் இருக்கிற டேனியல் பலங்கர், இயற்பியல்காரர். அதைச் செய்த கம்பெனியும் திவாலாகி, 2024-ல் இன்னொரு அமெரிக்கக் கம்பெனி வாங்கியது. 2025 அக்டோபரில் அதன் முடிவுகள் வந்தன. 38 பேருக்கு வைத்து, ஒரு வருடம் முடித்த 32 பேரில் 26 பேருக்குப் படிக்கிற அளவில் நல்ல முன்னேற்றம். கேட்க சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் அது வயதானவர்களுக்கு நடுப் பார்வை போகிற மாகுலா நோய்க்கு. எனக்கு ஓரம் போயிருக்கிறது, அவர்களுக்கு நடு போயிருக்கிறது. இரண்டும் ‘பார்வை போச்சு’ என்றுதான் செய்தியில் வரும்.

இதற்குள் வேலையையும் விட்டிருந்தேன். அது நானே செய்த முட்டாள்தனம். பேனல் ரூமில் ஒருநாள் திறந்திருந்த கேபிள் டிரெஞ்சில் கால் விட்டுவிட்டேன். அடிபடவில்லை, ஆனால் பையன்கள் பார்த்துவிட்டார்கள். மறுவாரம் ராஜினாமா கொடுத்துவிட்டேன். வேறு வேலை கேட்டிருக்கலாம், ஸ்டோருக்கு மாற்றச் சொல்லியிருக்கலாம். வாய் திறந்து ஆர்.பி. என்று சொல்ல வெட்கம். அரசு வேலையில் இருந்து இப்படி ஆனவர்கள் கவனியுங்கள்: 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 20-வது பிரிவு. வேலையில் சேர்ந்த பிறகு குறைபாடு வந்தால் உங்களை வேலையை விட்டு எடுக்கவோ பதவி இறக்கவோ கூடாது, செய்ய முடிகிற வேலைக்கு அதே சம்பளத்தோடு மாற்ற வேண்டும். தயவுசெய்து நீங்களாக எழுதிக் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு தருகிற அடையாள அட்டையான யு.டி.ஐ.டி. கார்டு விஷயத்திலும் இதே கதை. முகாமில் என்னைப் பார்த்த ஒருவர், “ஃபாரத்தை நீங்களே படிச்சு நிரப்பறீங்களே சார், உங்களுக்கு எதுக்கு?” என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். எழுந்து வந்துவிட்டேன். ஒரு வருடம் அந்தப் பக்கமே போகவில்லை. பிறகுதான் தெரிந்தது, சட்டத்தில் எழுத்து படிக்கிற அளவு மட்டும் கணக்கு இல்லை, பார்வைப் பரப்பும் கணக்கு. நல்ல கண்ணில் பரப்பு 40 டிகிரிக்குள் சுருங்கினால் குறைபார்வை, 10 டிகிரிக்கும் கீழே போனால் பார்வையின்மை. எனக்கு அப்போது 14 டிகிரி. சும்மா கையை வீசிக்கொண்டு போகாமல் ஃபீல்டு டெஸ்ட் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு போய், “எழுத்து படிப்பேன், பக்கத்தில் நிற்கிற உங்களைத் தெரியாது” என்று சொன்னேன். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. கார்டு வந்தது. ஆர்.பி. உள்ளவர்கள் ஃபீல்டு டெஸ்ட் இல்லாமல் போகவே போகாதீர்கள்.

கைத்தடி எடுப்பதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. வெள்ளைத் தடியைப் பைக்குள் மடக்கி வைத்துக்கொண்டு திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு மணி நேரம் நின்றிருக்கிறேன், எடுக்கவில்லை. தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால்? வீட்டில் அம்மாதான் சொன்னார். பண்ருட்டியிலிருந்து மேற்கே போனால் திருநாவலூர், சுந்தரர் பிறந்த ஊர். அவருக்குத் திருவொற்றியூரில் இரண்டு கண்ணும் போன கதை அம்மாவுக்கு மனப்பாடம். “காஞ்சிபுரத்துல ஒரு கண்ணு, திருவாரூர்ல ஒரு கண்ணு குடுத்தாருன்னு எல்லாரும் சொல்லுவாங்க. அதுக்கு முந்தி வெண்பாக்கத்துல சாமி என்ன குடுத்தாரு? கோலுதானடா குடுத்தாரு. அவருக்கே கோல் புடிக்க வெக்கமில்ல” என்றார். எனக்குப் பக்தி அவ்வளவாகக் கிடையாது. ஆனால் மறுநாள் மாலை தேவனாம்பட்டினம் கடற்கரைக்குத் தடியோடு போனேன். இருட்டிய பிறகு கடற்கரையில் நின்று ஏழெட்டு வருடம் ஆகியிருந்தது. தடியின் நுனி ஈர மணலைத் தொட்டால் ஒரு மாதிரி சத்தம், காய்ந்த மணலைத் தொட்டால் சத்தமே இல்லை. அதை வைத்தே தண்ணீர் எவ்வளவு தூரம் என்று சொல்லிவிடலாம். சுண்டல் விற்கிற பையன், “அண்ணா, இப்படி வாங்க, அங்க கயிறு கெடக்கு” என்றான். ஆட்கள் விலகி வழிவிட்டார்கள். இத்தனை வருடம் திமிர் பிடித்தவன் என்று முறைத்த அதே மாதிரி ஆட்கள்தான்.

இனி நான் ஆரம்பத்தில் சொன்ன அந்தப் பாதி வாக்கியத்துக்கு வருகிறேன். ‘மருந்து இல்லை’ என்ற பிறகு ‘வருஷம் ஒருமுறை வாங்க’ என்றாரே, அதை நான் பல வருடம் செய்யவில்லை. குணமாகாத நோய்க்கு செக்கப் எதற்கு என்று நினைத்தேன். 2022 கடைசியில் நடுப் பார்வையும் ரொம்பவே மங்கிவிட்டது. வெயிலில் போனால் எல்லாம் வெள்ளை வெளேர் என்று ஆகிவிடும். சரி, முடிந்தது, கூம்பு செல்லும் போகிறது என்று மனதளவில் தயாராகிவிட்டேன். மனைவி, “என்னங்க, கடைசியா ஒருதரம் காட்டிட்டு வந்துடலாம்” என்று இழுத்துக்கொண்டு போனாள். புதுச்சேரியில் அதே டாக்டர் மேடம். பார்த்துவிட்டு, “இது ஆர்.பி. இல்லைங்க, புரை” என்றார். ஆர்.பி. உள்ளவர்களுக்கு மற்றவர்களைவிடச் சின்ன வயதிலேயே லென்ஸின் பின்பக்கம் புரை வருவது சகஜமாம். இன்னொன்றும் சொன்னார்: ஆர்.பி.யில் விழித்திரையின் நடுவில் இருக்கிற மாகுலாவில் நீர் கோத்து வீங்குவதும் உண்டு, அதற்கு மருந்து இருக்கிறது. எனக்கு அந்த வீக்கம் இல்லை, புரை மட்டும். ஆபரேஷன் பதினைந்து இருபது நிமிடம். மறுநாள் கட்டு பிரித்ததும் எதிரே சுவரில் தேதி கிழிக்கிற காலண்டர். ராகுகாலம் எத்தனை மணி என்று போட்டிருந்த பொடி எழுத்தைப் படித்தேன். இரண்டு மூன்று வருடமாக மங்கலாகவே பார்த்திருக்கிறேன், தேவையே இல்லாமல். மூன்று விலையும் கூட்டினால் 2,72,000 ரூபாய். பஸ், ரயில், லாட்ஜ் செலவு, அடகு வட்டி தனி. அந்த வருடங்களை எந்தக் கணக்கில் எழுதுவது என்று தெரியவில்லை.

வேடிக்கை என்னவென்றால், நானும் கடைசியில் கண்ணுக்குள் ஒரு பொருளை வைத்துக்கொண்டவன்தான். புரைக்கு வைக்கிற அந்த லென்ஸ் கதையை ஓய்வில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இரண்டாம் உலகப் போரில் விமானிகள் கண்ணில் காக்பிட்டின் பெர்ஸ்பெக்ஸ் பிளாஸ்டிக் துண்டுகள் தெறித்து உள்ளே தங்கிவிட்டன. கண் அதை வெளியே தள்ளவும் இல்லை, சீழ் பிடிக்கவும் இல்லை. அதைக் கவனித்த ஹாரால்ட் ரிட்லி என்ற லண்டன் டாக்டர், 1949 நவம்பரில் அந்தப் பிளாஸ்டிக்கிலேயே லென்ஸ் செய்து ஒருவர் கண்ணுக்குள் வைத்தார். பெரிய டாக்டர்கள் எல்லாம் வருடக்கணக்கில் அவரை எதிர்த்தார்கள். பிற்காலத்தில் அவருக்கே புரை வந்தபோது அவரும் கண்ணுக்குள் லென்ஸைத்தான் வைத்துக்கொண்டார். நம் ஊரில் அது நூறு டாலருக்கும் மேல் விற்ற பொருள். மதுரையில் டாக்டர் வெங்கடசாமியின் அரவிந்த் கண் மருத்துவமனை ஆட்கள் 1992-ல் ஆரோலேப் என்று சொந்தமாகத் தயாரிக்க ஆரம்பித்து அதைப் பத்து டாலர் அளவுக்குக் கொண்டுவந்தார்கள். இதில் கரன்ட் இல்லை, பேட்டரி இல்லை, சாஃப்ட்வேர் இல்லை. கம்பெனி மூடினாலும் என் கண்ணுக்குள் அது பாட்டுக்கு இருக்கும்.

இப்போது வீட்டு வாசலிலேயே மோட்டார் வைண்டிங் கடை. போர்வெல் மோட்டாரைப் பிரித்து, எரிந்த காப்பர் கம்பியை உருவி எடுத்துவிட்டு, ஸ்டேட்டரின் ஒவ்வொரு ஸ்லாட்டுக்குள்ளும் விரலைவிட்டுத் தடவிப் பார்ப்பேன். பழைய வார்னிஷ் எங்கே ஒட்டியிருக்கிறது, எந்தப் பல் கொஞ்சம் மடங்கியிருக்கிறது என்று விரல் நுனிக்குத் தெரியும். சுற்று எண்ணுவது வாய்க்குள். முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது. யாராவது நடுவில் “அண்ணே, ஆயிடுச்சா?” என்று கேட்டால் எண்ணிக்கை தப்பிவிடும், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இந்த ஒரு கோபத்தைத் தவிர வேலை நன்றாகப் போகிறது. சிப்காட்டில் வாங்கியதில் முக்கால் பங்கு வருகிறது. போனில், திரையில் இருப்பதை வாசித்துச் சொல்கிற டாக்பேக் வைத்திருக்கிறேன். இதையும் பாதி வாயால் சொல்லி, பாதி நானே படித்துத் திருத்தி எழுதுகிறேன்.

கடைசியாக ஒரு விஷயம், இன்னும் முடியாத விஷயம். மரபணு டெஸ்ட் எடுத்தேன், எனக்கு 18,000 ஆனது. எந்த ஜீன் என்று தெரிந்தால் என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு: ஆர்.பி.ஈ.65 என்ற ஒரே ஒரு ஜீனில் கோளாறு உள்ளவர்களுக்கு லக்ஸ்டர்னா என்ற ஜீன் சிகிச்சை 2017 டிசம்பரிலிருந்து அமெரிக்காவில் இருக்கிறது. இரண்டு கண்ணுக்கும் சேர்த்து எட்டரை லட்சம் டாலர் என்று விலை வைத்தார்கள். எனக்குக் கோளாறு அந்த ஜீனில் இல்லை. எனக்கு வந்திருப்பது அப்பா அம்மா இருவரிடமிருந்தும் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்த வகை. அவர்கள் இருவருக்கும் கண் நன்றாகத்தான் இருந்தது, சுமந்தார்கள், அவ்வளவே. என் மனைவி சிதம்பரம் பக்கம், சொந்தம் இல்லை, அதனால் என் பிள்ளைகளுக்கு வர வாய்ப்பு மிகக் குறைவு என்று டாக்டர் சொன்னார். ஆனால் அக்கா மகளுக்கு எங்கள் குடும்பத்துக்குள்ளேயே மாப்பிள்ளை பேசி வைத்திருக்கிறார்கள். நல்ல பையன், எனக்கும் பிடிக்கும். இரண்டு பேரும் ஒரு டெஸ்ட் எடுத்துவிடட்டும் என்று சொன்னேன். “உன் கண்ணு போனா எங்க எல்லார் கண்ணும் போகணுமா?” என்றாள் அக்கா. இருபது நாள் பேசவில்லை. போன வியாழக்கிழமை அந்தப் பெண்ணே எனக்குப் போன் செய்தாள். “மாமா, நானும் அவரும் பாண்டிக்குப் போய் ரத்தம் குடுத்துட்டு வந்துட்டோம். அம்மாகிட்ட இன்னும் சொல்லல.” ரிப்போர்ட் வர ஆறு வாரம் ஆகும் என்றிருக்கிறார்கள்.